சைக்கிள் வீல் ஆடுதா? கோட்டம் எடுத்தால் போதுமா, மாற்றியே ஆகணுமா?

‘ஷ்க்... ஷ்க்... ஷ்க்...’ சக்கரம் ஒரு சுற்று வரும்போதெல்லாம் ஒருமுறை, பின்பக்கத்திலிருந்து. வண்டியை ஓரங்கட்டி, சீட்டைப் பிடித்துத் தூக்கி, பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தால் தெரியும். ரிம் ஒரு இடத்தில் மட்டும் நெளிந்து, பிரேக் கட்டையை உரசிவிட்டுப் போகிறது. வேளச்சேரியிலிருந்து தரமணிக்கோ, பீளமேட்டிலிருந்து சரவணம்பட்டிக்கோ தினமும் சைக்கிளில் ஆபீஸ் போகிறவர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல.

அதற்குப் பிறகு நடப்பதும் பழகிய கதைதான். கியர் சைக்கிள் விற்கும் ஷோரூமில், “ரிப்பேர்லாம் சரிப்பட்டு வராது சார், வீலையே மாத்திடுங்க” என்பார்கள். தெருமுனைக் கடைக்காரரிடம் போனால், “இதுக்குப் போயி புது வீலா? விட்டுட்டுப் போங்க தம்பி, கோட்டம் எடுத்து வைக்கிறேன்” என்பார்.

இரண்டு பேரில் ஒருவர் நம்மை ஏமாற்றுகிறார் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒருவர் சக்கரத்தை முழுதாகக் கழற்றி மாட்டும் பொருளாகப் பார்க்கிறார். இன்னொருவர் நெளிவை மட்டும் பார்க்கிறார். இரண்டிலும் ஒரு கேள்வி விட்டுப்போகிறது: சக்கரத்தில் தேய்ந்திருப்பது எது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் முடிவெடுத்தால் நஷ்டம் இரண்டு வகையில் வரும். நல்ல ரிம்மையும் நல்ல ஹப்பையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புது வீல் வாங்குவது முதல் வகை. அதில் போவது காசு மட்டும்தான். காகிதம் போல் தேய்ந்துபோன ரிம்மில் கோட்டம் மட்டும் எடுத்துக்கொண்டு, மழை நாளில் பாலத்து இறக்கத்தில் முன் பிரேக்கை அழுத்துவது இரண்டாவது வகை. அதில் பல்லே போகலாம்.

இழுத்துக் கட்டிய கூடாரம் மாதிரி

சைக்கிள் சக்கரத்தில் மூன்று முக்கிய பாகங்கள். வெளியே டயரைத் தாங்கும் ரிம். நடுவில் அச்சைச் சுற்றி உருளும் ஹப். இரண்டையும் இணைக்கும் ஸ்போக்ஸ் கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் நிப்பிள் என்று ஒரு சின்ன மரை இருக்கும். அதுதான் கம்பியை ரிம்மோடு சேர்த்துப் பிடிக்கிறது.

மாட்டுவண்டிச் சக்கரத்தில் மரத்தாலான ஆரக்கால்கள் தூண் மாதிரி நின்று பாரத்தைத் தாங்கும். சைக்கிளில் அந்த வேலை நடக்காது. 2 மி.மீ. தடிமனுள்ள கம்பியை நிற்கவைத்து மேலே கையால் அழுத்தினாலே வளைந்துவிடும். அதனால் இங்கே கம்பிகள் நிற்பதில்லை, இழுபட்டுக்கொண்டு இருக்கின்றன. கூடாரத்தை நாலாபுறமும் கயிறு போட்டு இழுத்துக் கட்டினால் விறைப்பாக நிற்கிறதே, அதே சங்கதிதான். கம்பிகளை ஹப்பிலிருந்து சாய்வாக, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும்படி பின்னும் முறைக்கு இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-ல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு ஆபீஸ் வாசலில் நிற்கும் சைக்கிளிலும் பின்னல் கிட்டத்தட்ட அதுவேதான்.

நன்றாகக் கட்டிய பின்சக்கரத்தில், செயின் பக்கத்துக் கம்பி ஒவ்வொன்றும் சுமார் 100 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமான இழுப்பில் இருக்கும். 32 கம்பிகளின் இழுப்பையும் கூட்டினால் டன் கணக்கில் வரும். கையில் தூக்கினால் இரண்டு கிலோகூட இல்லாத ஒரு பொருளுக்குள் அத்தனை விசை அடங்கிக் கிடக்கிறது. ஒரு கம்பி தளர்ந்தால் அதற்கு நேரே ரிம் எதிர்ப்பக்கம் சாய்வதற்குக் காரணம் இதுதான். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு ஆள் கையை விட்ட மாதிரி.

வண்டியில் ஆள் ஏறி உட்கார்ந்ததும் என்ன நடக்கிறது என்பதை ஜோப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1981-ல் வெளிவந்த ‘தி பைசைக்கிள் வீல்’ புத்தகத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் சில கம்பிகள் மட்டும் கொஞ்சம் இழுப்பை இழக்கின்றன. மற்றவற்றில் பெரிய மாற்றம் இல்லை. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மறுபடி விறைக்கிறது.

இதைக் கொஞ்சம் பெருக்கிப் பார்க்கலாம். சராசரி ஹைபிரிட் சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் போகும். போக வர 20 கி.மீ. என்றால் ஒரு நாளைக்கு 9,500 சுற்று. மாதத்துக்கு 22 வேலை நாள் என்று வைத்தால் இரண்டு லட்சத்துக்கு மேல். அத்தனை தடவையும் ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகுகிறது.

“டைட்டா வெச்சதாலதான் அறுந்துச்சு” — உண்மையா?

கம்பி அறுந்ததும் பலரும் சொல்லும் காரணம் இது. அநேகமாக உண்மை இதற்கு நேர்மாறு.

கட்டுக்கம்பியை கையாலேயே உடைக்க நினைப்பவர் அதை இழுத்துக்கொண்டு இருக்கமாட்டார். முன்னும் பின்னும் மடக்குவார், பத்துப் பதினைந்து மடக்கில் அறுந்துவிடும். ஸ்போக்ஸ் கம்பியும் அப்படித்தான். போதுமான இழுப்பில் இருக்கும் கம்பி, சுற்றுக்குச் சுற்று இழுப்பு கொஞ்சம் குறைந்து கூடினாலும், இருக்கும் இடத்தில் அசையாமல் இருக்கும். தளர்வான கம்பியோ ஒவ்வொரு சுற்றிலும் முழுதாகத் தொய்ந்து, மறுபடி வெடுக்கென்று இழுபடும். ஹப்பின் துளைக்குள் நுழைந்து மடங்குகிற முழங்கை போன்ற வளைவில் அந்த அசைவு சேர்ந்துகொண்டே போகும். பெரும்பாலான கம்பிகள் அறுவது அந்த வளைவில்தான். எனவே அறுந்த கம்பியை எடுத்துப் பார்க்கும்போது, அது எங்கே அறுந்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

பின்சக்கரத்தில்தான் இது அதிகம். உடல் பாரம், லேப்டாப் பை, மிதிக்கிற விசை எல்லாம் அங்கேதான் இறங்குகிறது. கூடவே இன்னொரு சிக்கல். செயின் பக்கம் பல்சக்கரங்களுக்கு இடம் விடவேண்டியிருப்பதால், அந்தப் பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாகவும் மறுபக்கத்துக் கம்பிகள் சாய்வாகவும் இருக்கும். ரிம் நடுவில் நிற்க வேண்டுமென்றால் செயின் பக்கம் அதிக இழுப்பும் மறுபக்கம் குறைந்த இழுப்பும் வைத்தாக வேண்டும். கியர் எண்ணிக்கை கூடக் கூட இந்த ஏற்றத்தாழ்வும் கூடும்.

ஒரு கம்பி அறுந்தால் அதே நீளம், அதே தடிமனில் ஒரு புதுக் கம்பி போட்டால் போதும். செயின் பக்கத்தில் அறுந்திருந்தால் பல்சக்கரத்தைக் கழற்றித்தான் போட முடியும். “ஒரு கம்பிதானே, அப்படியே ஓட்டுங்க” என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். அந்த ஒரு கம்பியின் வேலையைப் பக்கத்துக் கம்பிகள் சுமக்கின்றன. அடுத்து அறுவது அவைதான்.

இரண்டு, மூன்று மாதத்துக்குள் மூன்றாவது கம்பியும் அறுந்தால் கதை வேறு. மிச்சக் கம்பிகளும் அதே வயதுதான், அதே களைப்புதான். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவதைவிட, எல்லாக் கம்பிகளையும் புதிதாகப் போட்டுச் சக்கரத்தைத் திரும்பக் கட்டிவிடுவது மேல். ரிம்மும் ஹப்பும் நன்றாக இருந்தால் அவற்றை மாற்றத் தேவையே இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. செயின் எப்போதாவது பெரிய பல்சக்கரத்தைத் தாண்டிக் கம்பிக்குள் விழுந்திருந்தால், அந்தக் கம்பிகளில் வெட்டுத் தழும்பு இருக்கும். அங்கே மட்டும் அறுகிறது என்றால் காரணம் இழுப்பு அல்ல, கியர் செட்டிங். முதலில் அதைச் சரிபண்ண வேண்டும்.

காதே போதும்

இழுப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க டென்ஷன் மீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. வீட்டில் யாரிடமும் இருக்காது. ஆனால் விரல் நகமும் காதும் இருக்கிறது. ஒரே பக்கத்துக் கம்பிகளை, இரண்டு கம்பிகள் ஒட்டும் இடத்தில் தொடாமல், ஒவ்வொன்றாக வீணைத் தந்தி மாதிரி சுண்டிப் பாருங்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ‘டிங்’ என்றால் நல்ல அறிகுறி. ஒன்று மட்டும் ‘டொப்’ என்று மந்தமாகக் கேட்டால் அது தளர்ந்திருக்கிறது. பின்சக்கரத்தில் வலப்பக்கத்தை வலப்பக்கத்தோடும் இடப்பக்கத்தை இடப்பக்கத்தோடும்தான் ஒப்பிட வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் சுருதி வேறாக இருப்பது இயல்பு.

வீட்டிலேயே கோட்டம் எடுக்கலாமா?

சின்ன நெளிவு என்றால், எடுக்கலாம். பொறுமை வேண்டும். நிப்பிளைத் திருப்பும் சின்னச் சாவி, ‘ஸ்போக் கீ’, சைக்கிள் கடைகளில் கிடைக்கும். நிப்பிளின் அளவுக்குச் சரியாகப் பொருந்துவதாக வாங்க வேண்டும். லூசாக இருந்தால் நிப்பிளின் முனைகளைச் சிராய்த்து உருண்டையாக்கிவிடும். பிறகு எந்தச் சாவிக்கும் அது அடங்காது.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, பிரேக் கட்டையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் ஃபிரேமில் ஒரு பிளாஸ்டிக் டேக்கைக் கட்டி, அதன் நுனி ரிம்மைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வெட்டிக்கொள்ளலாம். துருப்பிடித்த நிப்பிள்களில் முந்தைய நாளே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ரிம் இடப்பக்கம் சாய்கிற இடத்தில், ஹப்பின் வலப்பக்கத்திலிருந்து வரும் கம்பியைக் கால் சுற்று இறுக்க வேண்டும். அதற்கு இருபுறமும் உள்ள இடப்பக்கக் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் எல்லோரும் குழம்புவது திசையில்தான். நிப்பிளின் தலையில் ஸ்க்ரூடிரைவர் வைக்க ஒரு பிளவு இருக்கும். அது டயர் பக்கத்தைப் பார்த்து இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து ஸ்க்ரூடிரைவரால் திருப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள்: கடிகாரச் சுற்றில் திருப்பினால் இறுகும். ஹப் பக்கமிருந்து பார்த்தால் இதுவே எதிர்ச்சுற்றாகத் தெரியும். இதை மறந்து எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டே போனவர்கள், சின்ன நெளிவை முறுக்குச் சுற்றாக ஆக்கிவிட்டுக் கடைக்குப் போவது வழக்கம். கடைக்காரரும் ஒன்றும் கேட்காமல் சிரித்துக்கொண்டே வாங்கி வைப்பார்.

ஒரு முழுச் சுற்றுக்குக் கம்பி அரை மி.மீ.கூட நகராது. ஆனாலும் கால் சுற்று, அரைச் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகக் கூடாது. இறுக்கும் வேலையை மட்டுமே செய்துகொண்டு போனால் மொத்த இழுப்பும் ஏறி, ரிம் ஒரேயடியாக மடங்கிவிடும். நெளிவு நீங்கியதும், இணையாகப் போகும் இரண்டிரண்டு கம்பிகளை உள்ளங்கையில் சேர்த்துப் பிடித்து நன்றாக அமுக்கிவிட வேண்டும். கம்பிகள் அவற்றின் இடத்தில் உட்காரும். முறுக்கிக்கொண்டு நிற்கும் கம்பி இருந்தால் ‘டக்’ என்று விடுபடும். பிறகு இன்னொரு தடவை சுற்றிப் பார்த்து மிச்ச நெளிவை எடுக்கலாம்.

கோட்டம் எடுத்தாலும் போகாத நெளிவு ஒன்று உண்டு. பள்ளத்தில் ‘டமால்’ என்று விழுந்து ரிம்மின் உலோகமே மடங்கிய இடம். அங்கே கம்பியை எவ்வளவு இறுக்கினாலும் பக்கவாட்டு ஆட்டம் குறையும், ஆனால் அந்த இடம் தட்டையாகவே இருக்கும். ஓட்டும்போது குதிரை மாதிரி லேசாகத் தூக்கிப் போடும். அந்த இடத்தில் மட்டும் இரண்டு மூன்று கம்பிகள் மிகத் தளர்வாகவும் எதிர்ப்பக்கத்துக் கம்பிகள் மிக இறுக்கமாகவும் இருந்தால்தான் ரிம் நேராக நிற்கிறது என்றால், ரிம் போய்விட்டது. ‘நேரா ஓடுதே’ என்று சமாதானப்பட முடியாது. அந்தச் சக்கரத்தில் கம்பிகள் அறுந்துகொண்டேதான் இருக்கும்.

ரிம் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம்

கார், பைக் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று உறைக்காது. காரில் பிரேக் பிடிப்பதற்கென்று தனித் தட்டு இருக்கிறது. ரிம் பிரேக் சைக்கிளில், சக்கரத்தின் ரிம்தான் அந்தத் தட்டு. ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் ரப்பர் கட்டை அலுமினிய ரிம்மின் பக்கச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்குகிறது. தேய்வது கட்டை மட்டும் என்று நினைத்து, கட்டையை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம்.

மழைக்காலத்தில் இந்தத் தேய்மானம் பல மடங்கு வேகமாக நடக்கும். சாலை மணலும் தண்ணீரும் சேர்ந்து கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். மழைக்குப் பிறகு ரிம்மைத் துடைத்தால் துணியில் ஒட்டும் சாம்பல் நிறக் கரைசலில் இருப்பது ரப்பர் மட்டுமில்லை, ரிம்மின் அலுமினியமும்தான். சில சமயம் சின்ன அலுமினியத் துணுக்குகள் கட்டையிலேயே பதிந்துகொண்டு, அடுத்த பிரேக்கில் ரிம்மைக் கீறும். ‘கிரீச்’ என்று உலோகச் சத்தம் வந்தால் கட்டையைக் கழற்றி, ஊக்கு நுனியால் அந்தத் துணுக்குகளைக் கிளறி எடுத்துவிட வேண்டும்.

பக்கச் சுவர் மெலிந்தால் என்ன ஆகும்? கார் டயரில் காற்றழுத்தம் 30-லிருந்து 35 பி.எஸ்.ஐ. ரோடு சைக்கிளில் 80, 100 பி.எஸ்.ஐ. வரை போகும். அந்த அழுத்தம் டயரை மட்டும் தள்ளுவதில்லை, டயரைப் பிடித்திருக்கும் ரிம்மின் இரண்டு சுவர்களையும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சுவர் தாங்க முடியாத அளவுக்கு மெலிந்ததும் ஒரு நாள் நீளவாக்கில் பிளந்துகொள்ளும். டியூப் வெடிக்கும். பிளந்த உலோகம் பிரேக்கிலோ ஃபோர்க்கிலோ மாட்டிச் சக்கரம் அப்படியே நின்றுவிடக்கூடும். அது முன்சக்கரமாக இருந்தால், ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவார்.

நல்லவேளையாக, இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பல அலுமினிய ரிம்களில் பிரேக் படும் பட்டையில் ஒரு மெல்லிய கோடோ, சின்னக் குழியோ வைத்திருப்பார்கள். அதுதான் தேய்மான அடையாளம். தேய்ந்து தேய்ந்து அந்தக் கோடு மறைந்துவிட்டால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. சில ரிம்களில் இது தலைகீழ்: உள்ளே புதைத்த அடையாளம் தேய்ந்தபின் வெளியே தெரியும். எது தன் வண்டியில் இருக்கிறது என்பதைப் புதிதாக இருக்கும்போதே பார்த்து வைப்பது நல்லது. யாரும் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அடையாளமே இல்லாத ரிம் என்றால் ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, அதன் விளிம்பைப் பிரேக் படும் பட்டையின் மீது குறுக்காக வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்கேலுக்கும் ரிம்முக்கும் நடுவில் பிறை நிலா மாதிரி இடைவெளி தெரிந்தால் சுவர் உட்பக்கம் குழிந்திருக்கிறது. குழி கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அளவுக்கு இருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். கடையில் அளக்கச் சொன்னால், சுவர் 1 மி.மீ.க்கும் கீழே போய்விட்டதா என்று கேளுங்கள். ரிம்மின் மேல்விளிம்பு கொக்கி போல் உள்ளே மடிந்திருக்கும். வெர்னியரை அந்த விளிம்பின் மேலேயே வைத்து அளந்தால் தடிமன் கூடுதலாகக் காட்டும். அந்த அளவை நம்பி ஓட்டக் கூடாது.

பிரேக் பிடிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தூக்கித் தூக்கிப் போடுகிறதா? அந்த இடத்தில் சுவர் வெளியே புடைத்திருக்கலாம். விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். பள்ளத்தில் அடிபட்ட புடைப்பாக இருந்தால் அடிபட்ட நாள் நினைவிருக்கும். அடியே படாமல் புடைத்திருந்தால், காற்றழுத்தத்தில் சுவர் பிதுங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துவதுதான் சரி. நிப்பிள் உட்காரும் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தாலும் இதே தீர்ப்பு.

டிஸ்க் பிரேக் வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அவர்களின் ரிம் பிரேக்கால் தேய்வதில்லை. விரிசலும் மடிப்பும் மட்டும் பார்த்தால் போதும். குரோம் பூசிய ஸ்டீல் ரிம் போட்ட பழைய வண்டிகளில் தேய்மானம் மெதுவாகத்தான் இருக்கும். அவற்றின் வில்லன் துரு. நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பதும் அவற்றின் பிறவிக் குணம்.

ஹப்: பெரும்பாலும் தப்பிப் பிழைப்பது

சக்கரத்தின் மேல்பகுதியைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். ‘லொடக்’ என்றால் ஹப்பில் ஆட்டம். கம்பியைத் தொடாதீர்கள், அது இதற்குக் காரணமில்லை. கோன் எனப்படும் கூம்பு நட்டைச் சரியான இறுக்கத்தில் வைத்தாலே பல சமயம் போய்விடும். சுற்றும்போது மணலை அரைப்பது போல் கரகரவென்று இருந்தால் உள்ளே கிரீஸ் போய், பால்ரஸ் குண்டுகள் தேய்ந்திருக்கும். வழக்கமான ஹப்பில் முன்னால் பக்கத்துக்கு 10, பின்னால் பக்கத்துக்கு 9 குண்டுகள். எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிப் புது கிரீஸ் வைப்பது மலிவான வேலை. கோனில் குழி விழுந்திருந்தால் கோனையும் மாற்றலாம். கோன் உட்காரும் கிண்ணத்திலேயே குழி விழுந்திருந்தால் மட்டும்தான் ஹப்பை மாற்றும் பேச்சு. சீல்டு பேரிங் ஹப் என்றால் பேரிங்கை அப்படியே தட்டி எடுத்துவிட்டுப் புதிது போடலாம்.

மாற்றுவது என்று முடிவானால்: 28-ம் 28-ம் ஒன்றல்ல

ரிம் மட்டும் போய், ஹப் நன்றாக இருக்கிறது என்று வையுங்கள். அதே அளவு, அதே துளை எண்ணிக்கை, அதே உள்ளளவு உள்ள ரிம் கிடைத்தால், பழைய ரிம்மோடு புதியதைச் சேர்த்து டேப் போட்டுக் கட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாக இதிலிருந்து அதற்கு மாற்றிவிடலாம். உள்ளளவு மாறினால் கம்பி நீளமும் மாறும், புதுக் கம்பி வாங்க வேண்டும். 36 துளை ஹப்புக்கு 32 துளை ரிம் சேராது. முன்னால் 32, பின்னால் 40 கம்பி என்பது பழைய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிள்களின் இங்கிலாந்து வழக்கம். தாத்தாவின் வண்டியைத் தூசு தட்டி எடுப்பவர்கள் பின்சக்கரக் கம்பிகளை எண்ணிவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

அளவில்தான் பெரிய குழப்பம். ஹைபிரிட், ரோடு சைக்கிள்களின் 700சி சக்கரத்தை 28 இன்ச் என்றும் சொல்வார்கள். ரோட்ஸ்டர் சக்கரமும் 28 இன்ச்தான். ஆனால் முதலாவதில் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ., இரண்டாவதில் 635 மி.மீ. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. மலைச் சைக்கிளின் 26 இன்ச் 559 மி.மீ. ‘26 x 1 3/8’ என்று போட்ட பழைய வகை 590 மி.மீ. வேடிக்கை என்னவென்றால், 29 இன்ச் என்று பெருமையாக விற்கும் மலைச் சைக்கிளும் 700சி-யும் அடியில் ஒரே 622தான். ஆகவே இன்ச் கணக்கை மறந்துவிட்டு, டயரின் பக்கத்தில் ‘37-622’ என்ற மாதிரி அச்சிட்டிருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கோட்டுக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கம்தான் நமக்கு வேண்டியது.

முழு வீலாக வாங்கினால் இன்னும் சில பொருத்தங்கள் பார்க்க வேண்டும். பின்சக்கர ஹப்பின் அகலம் ரோடு வண்டிகளில் பொதுவாக 130, ஹைபிரிட், மலை வண்டிகளில் 135, த்ரூ ஆக்சில் வண்டிகளில் பெரும்பாலும் 142 மி.மீ. பல்சக்கரம் மரையில் திருகி ஏறும் ஃப்ரீவீலா, தவாளிப்பில் செருகும் கேசட்டா என்பதும் முக்கியம். ஒன்றுக்கு வாங்கிய வீலில் மற்றது ஏறாது. டிஸ்க் என்றால் தட்டு ஆறு போல்ட்டில் நிற்கிறதா, சென்டர்லாக்கா என்று பார்க்க வேண்டும். பழைய சக்கரத்தையே கையோடு கொண்டுபோய்விட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

எது லாபம்? ஒற்றைச் சுவர் ரிம்மும் சாதாரண ஹப்பும் போட்ட ஆரம்ப விலை கியர் சைக்கிளில், ரிம், கம்பி, கூலி மூன்றும் சேர்ந்து முழு வீலின் விலையை நெருங்கிவிடும். அங்கே ஷோரூம்காரர் சொல்வதுதான் நியாயம். ஹப் நல்ல தரமென்றால் ரிம்மை மட்டும் மாற்றிக் கட்டுவது புத்திசாலித்தனம். ரோட்ஸ்டர் வண்டிக்கு யோசிக்கவே வேண்டாம். ரிம்மும் கம்பியும் எளிதாகக் கிடைக்கும், கட்டத் தெரிந்த கைகளும் தெருமுனைக் கடைகளில் இன்னும் இருக்கின்றன.

புது வீல் என்பதற்காகக் கண்ணை மூடி நம்பிவிடவும் கூடாது. விலை குறைந்த வீல்கள் இயந்திரத்தில் கட்டப்பட்டு, போதிய இழுப்பு இல்லாமலே கடைக்கு வருவது சகஜம். வாங்கும்போதே கம்பிகளைச் சுண்டிப் பார்த்து, “அண்ணா, மாட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை டென்ஷன் செக் பண்ணிக் குடுத்துடுங்க” என்று கேட்டுவிடலாம். இரண்டு மூன்று வாரம் ஓட்டியபின் இன்னொரு தடவை காட்டினால் அந்தச் சக்கரம் வருஷக்கணக்கில் தொல்லை தராது.

நடுவழியில் கம்பி அறுந்தால்?

‘டங்’ என்று ஒரு சத்தம், அதோடு சக்கரம் ஆட ஆரம்பிக்கும். உடனே நிறுத்த வேண்டும். அறுந்த கம்பி பல்சக்கரத்திலோ ஃபிரேமிலோ மாட்டினால் இன்னும் நாலு கம்பியை இழுத்துக்கொண்டு போகும். முடிந்தால் அறுந்த துண்டை நிப்பிளிலிருந்து திருகி எடுத்துவிடலாம். முடியாவிட்டால் பக்கத்துக் கம்பியில் சுற்றி முறுக்கிவிடலாம். ரிம் பிரேக்கை உரசினால் அந்தப் பிரேக்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒற்றைப் பிரேக்கில் ஓட்டுகிறோம் என்ற நினைப்போடு மெதுவாகப் போக வேண்டும். 32, 36 கம்பிச் சக்கரம் இப்படி வீடு வரை தாங்கும். 20, 24 கம்பி மட்டுமே உள்ள ரேஸ் வகைச் சக்கரங்களில் ஒன்று அறுந்தாலே ரிம் ஃபிரேமைத் தொடுகிற அளவுக்கு நெளியலாம். அப்படி ஆனால் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.

பின் கேரியரில் இருக்கும் லேப்டாப் பையை முதுகுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பின்சக்கரக் கம்பி என்றால், ஸ்பீடு பிரேக்கர் வரும்போது சீட்டிலிருந்து எழுந்துகொள்ளுங்கள். அறுந்த கம்பியின் இரண்டு துண்டுகளும் கிடைத்தால் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் கடையில் நீளம் பார்க்க அதுதான் அளவு.